வளர்ப்பு ஆமை என்ன இனம்? ஐநேச்சுரலிஸ்ட் பயன்படுத்திப் பார்த்த அனுபவம்

வீட்டில் வளரும் ஆமை என்ன இனம் என்று கண்டுபிடிக்க எந்தச் செயலி நல்லது என்று கேட்டால் நான் ஐநேச்சுரலிஸ்ட் என்றுதான் சொல்வேன். காசு கிடையாது, விளம்பரத் தொல்லையும் கிடையாது. ஆனால் படம் போட்டவுடன் அது காட்டும் முதல் பெயரை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், அதன் பலம் அதில் இல்லை. ஆமைகளைப் பற்றி நன்றாகத் தெரிந்த ஒருவர் உங்கள் படத்தைப் பார்த்துவிட்டு, இது இன்ன இனம், இந்த அடையாளத்தை வைத்துச் சொல்கிறேன் என்று எழுதுகிறாரே, அதற்காகத்தான் இதைப் பரிந்துரைக்கிறேன்.

இனம் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம். குட்டியாக இருக்கும்போது பல நீர் ஆமைகள் உள்ளங்கையில் அடங்கும், பார்க்க ஒரே மாதிரி இருக்கும். கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடுள்ள ரெட் இயர்டு ஸ்லைடர் என்றால் பெண் ஆமை 25 செ.மீ.க்கு மேலேயே வளரும், மஸ்க் ஆமை என்றால் பெரும்பாலும் 13 செ.மீ.க்குள் நின்றுவிடும். தொட்டியின் அளவு, சாப்பாடு, வெயில் காயும் மேடு எல்லாமே இதைப் பொறுத்ததுதான். நட்சத்திர ஆமை மாதிரி தரையில் வாழும் ஆமையை நீர் ஆமை என்று நினைத்துத் தொட்டியில் விட்டால் அது மூழ்கிச் செத்துப்போகும். சட்டமும் இருக்கிறது. நட்சத்திர ஆமை 2019 முதல், அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது, அதாவது நாடுகளுக்கிடையே வணிகத்துக்காக வாங்கி விற்கக் கூடாது. ஸ்லைடருக்கு வேறு கதை, உலகத்தின் மிக மோசமான 100 ஊடுருவி இனங்களின் (வெளியிலிருந்து வந்து பரவி உள்ளூர் உயிரினங்களைக் கெடுப்பவை) பட்டியலில் அது இருப்பதால் சில நாடுகளில் விற்கவே தடை.

ஐநேச்சுரலிஸ்ட் 2008ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சில மாணவர்களின் படிப்புத் திட்டமாக ஆரம்பித்தது, இப்போது தனி லாப நோக்கற்ற அமைப்பு. படத்தைப் பார்த்துக் கணினி பெயர் சொல்லும் வசதி 2017ல் வந்தது. இந்த வசதி காட்டில், குளத்தில் எடுத்த படங்களுக்கு அருமையாக வேலை செய்கிறது. வளர்ப்பு ஆமைக்கு ஒரு சிக்கல் வரும். படம் எடுத்த இடத்தை வைத்து, அந்தப் பக்கத்தில் காணப்படும் இனங்களைத்தான் அது முன்னால் காட்டும். காட்டு விலங்குக்கு அது சரி. ஆனால் கடையில் வாங்கிய ஆமை எந்தக் கண்டத்திலிருந்து வந்ததோ யாருக்குத் தெரியும்? அதனால் அருகில் காணப்படாத இனங்களையும் காட்டு என்று கேட்கும் வசதியைக் கட்டாயம் பயன்படுத்துங்கள், பெயர்ப் பட்டியலே மாறிவிடும்.

அப்புறம் படம். இங்கேதான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். தொட்டிக்கு மேலே நின்றுகொண்டு, தண்ணீர் பளபளக்க, பாசி படிந்த முதுகை ஒரே ஒரு படம் எடுத்துப் போட்டால் எந்த நிபுணரும் இனத்தைச் சொல்லாமல் பேரினத்தோடு, அதாவது நெருங்கிய இனங்களின் குழுப் பெயரோடு, நிறுத்திக்கொள்வார். முதலில் ஓட்டை மெதுவாகத் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் வையுங்கள். தலையின் பக்கவாட்டுப் படம் வேண்டும், கண்ணுக்குப் பின்னால் இருக்கும் கோடும் திட்டும் தெளிவாகத் தெரிய வேண்டும். மேல் ஓட்டை நேர் மேலிருந்து ஒன்று, பின்பக்க விளிம்பு தெரிகிற மாதிரி ஒன்று. ஸ்லைடரின் பின்விளிம்பு ரம்பப் பல் மாதிரி இருக்கும், பெயின்டட் ஆமையின் விளிம்பு வழவழவென்று இருக்கும். முதுகின் நடுவே முள் முள்ளாக ஒரு வரிசை நின்றால் மேப் ஆமையாக இருக்க வாய்ப்பு அதிகம், மூன்று வரப்புகள் ஓடினால் ரீவ்ஸ் ஆமையா என்று பாருங்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியம் வயிற்றுப் பக்கம். ஆமையை ஒரு கையால் தாங்கி, மறு கையால் சட்டென்று படம் எடுத்துவிட்டு உடனே நேராக வைத்துவிடுங்கள், மல்லாக்கப் போட்டு வைக்காதீர்கள். மட் ஆமைக்கும் மஸ்க் ஆமைக்கும் குழப்பம் வந்தால் அது தீருவது பெரும்பாலும் இங்கேதான். நெஞ்சுப் பகுதியில் இருக்கும் தகடு மட் ஆமைக்கு முக்கோணமாக இருக்கும், மஸ்க் ஆமைக்குச் சதுரம் மாதிரி இருக்கும். ரெட் இயர்டு ஸ்லைடருக்கு அடிப்பக்கத் தகடுகள் முழுக்கக் கரும்புள்ளிகள் வரும். யெல்லோ பெல்லிட் ஸ்லைடருக்கு முன்பக்கத்தில் மட்டும் ஒன்றிரண்டு இருக்கும், மீதி மஞ்சள்.

எங்கள் வீட்டு ஆமைக்குக் கண்ணுக்குப் பின்னால் அகலமான மஞ்சள் திட்டு, அதன் ஓரத்தில் மெல்லிய செம்மஞ்சள் சாயல். வேறொரு இலவசச் செயலி ஓடு ஈரமாக இருந்தபோது ஒரு பெயரும் காய்ந்த பிறகு வேறு பெயரும் சொன்னது, இரண்டையும் அடித்துச் சொன்னது. ஐநேச்சுரலிஸ்டில் வயிற்றுப் படத்தையும் சேர்த்துப் போட்டேன். பதில் எழுதியவர் புள்ளிகள் எந்தத் தகடுவரை வருகின்றன என்று விளக்கிவிட்டு, ஸ்லைடர் என்பது உறுதி, ஆனால் இது இரண்டு துணையினங்களின் கலப்பாக இருக்கலாம், விற்பனைக்கு வளர்க்கப்படும் ஆமைகளில் இது சகஜம், அதனால் ஸ்லைடர் இனத்தின் அறிவியல் பெயரான டிராகெமிஸ் ஸ்கிரிப்டா என்பதோடு நிறுத்துகிறேன் என்று எழுதினார். எவ்வளவு நேர்மையான பதில்! தெரிந்த இடம்வரை போய், அதற்கு மேல் ஊகிக்காமல் நின்றதுதான் எனக்கு மிகவும் பிடித்தது.

குறை என்றால் தாமதம். வளர்ப்பு விலங்கு என்று குறித்தவுடன் உங்கள் பதிவு, இனம் சொல்ல வேண்டிய பதிவுகளின் வழக்கமான வரிசையில் வராது, அதனால் பலர் கண்ணில் படாமலே போகும். அதற்காகக் காட்டு விலங்கு என்று பொய்யாகப் போட்டுவிடாதீர்கள், தயவுசெய்து. உறுதியான காட்டுப் பதிவுகள் எந்த உயிரினம் எங்கே இருக்கிறது என்று ஆய்வாளர்கள் பார்க்கும் ஜிபிஐஎஃப் என்ற உலகத் தரவுத்தளம்வரை போகின்றன. உங்கள் தொட்டியில் இருக்கும் ஸ்லைடர் ஏதோ ஒரு குளத்தில் பரவியிருக்கிறது என்று வரைபடத்தில் ஏறினால், அதை நம்பித் தேடிப்போகிறவரின் உழைப்பு வீண். காத்திருக்க முடியவில்லை என்றால் அந்த இனத்தின் பக்கத்தில் அதிகம் அடையாளம் சொல்பவர்களின் பெயர்கள் இருக்கும், ஒருவரைக் குறிப்பிட்டு மரியாதையாகக் கேளுங்கள். இடத்தை மறைத்து வைக்கும் வசதி உண்டு, வீட்டில் எடுத்த படம் என்பதால் அதையும் போட்டுவிடுங்கள்.

குழந்தைகளுக்கு ஐநேச்சுரலிஸ்ட் அமைப்பின் சீக் செயலி போதும். கணக்குத் திறக்கத் தேவையில்லை, கேமராவைக் காட்டிக்கொண்டே கோணத்தை மாற்றினால் குடும்பம், பேரினம், இனம் என்று படிப்படியாக இறங்கி வரும். ஆனால் அதில் மனிதர்கள் பதில் சொல்ல மாட்டார்கள். வயதான ஆண் ஸ்லைடர் சில சமயம் உடம்பு முழுக்கக் கருத்து, சிவப்புக் கோடே மறைந்துபோய்விடும். அப்படிப்பட்ட ஆமைக்குச் சீக்கை நம்ப வேண்டாம், நேராக ஐநேச்சுரலிஸ்டிலேயே போட்டு, ஆமை எத்தனை வருடமாக உங்களிடம் இருக்கிறது, முன்பு என்ன நிறத்தில் இருந்தது என்பதையும் குறிப்பில் எழுதுங்கள். பழைய படம் இருந்தால் அதைத் தனிப் பதிவாகப் போட்டு, அதன் இணைப்பைக் குறிப்பில் கொடுத்துவிடுங்கள்.