திருகோணமலையில் பிரேக் ஒயிலை முழுசாக மாற்றித் தரும் ஒரு கராஜ்

போன மாதம் நுவரெலியாவில் இருந்து கண்டிப் பக்கம் இறங்கும்போது, றம்பொடை வளைவுகளில் என் காரின் பிரேக் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போய்விட்டது. பின் சீட்டில் மனைவியும் இரண்டு பிள்ளைகளும். கியரைக் குறைத்து, ஹேண்ட்பிரேக்கை மெல்ல மெல்ல இழுத்து, ஒரு தேத்தண்ணிக் கடைக்கு முன்னால் எப்படியோ நிறுத்தினேன். முக்கால் மணித்தியாலம் ஆறவிட்டதும் பெடல் பழையபடி இறுகியது. எனக்கு என்ன கோபம் என்றால், அதற்கு நாலு மாதம் முன்புதான் வேறோர் இடத்தில் பிரேக் ஒயில் மாற்றியதாக பில் போட்டுக் காசு வாங்கியிருந்தார்கள்.

ஊருக்கு வந்ததும் நண்பர் ஒருவர் சொல்லி, அநுராதபுர சந்திக்குக் கிட்ட ஓர் ஒழுங்கையில் மாமரத்தின் கீழ் இருக்கும் இந்த கராஜுக்குப் போனேன். பெயர்ப் பலகை இல்லை, தகரக் கொட்டில்தான். பாஸ் பிரேக் ஒயில் டாங்கியின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "மேல நல்ல ஒயில்தான் இருக்கு அண்ணன், கீழ என்ன இருக்கெண்டு பாப்பம்" என்றார்.

முதலில் பின் இடது சில்லைக் கழற்றினார். ஒயில் டாங்கியில் இருந்து ஆகத் தூரத்தில் இருப்பது அதுதான், அங்கிருந்து தொடங்கித்தான் கிட்டே வர வேண்டுமாம். பிரேக்கில் ஒயிலை வெளியே விடும் சின்ன நிப்பிளில் தெளிந்த ரியூப் ஒன்றைச் செருகி, மறுமுனையைப் போத்தலுக்குள் விட்டார். உதவிக்கு நின்ற தம்பி சீட்டில் ஏறினான். "அமத்து... பிடிச்சிரு... விடாத" என்று சொல்லி நிப்பிளைத் திறக்க, ரியூப்பில் வந்தது நல்ல சாயம் ஏறிய பிளேன்ரீ நிறம். நடுவில் கறுப்பாய்ச் சின்னச் சின்னத் தூள். நிப்பிளை இறுக்கிய பிறகுதான் "விடு" என்கிறார், முந்தி விட்டால் காற்றை உள்ளே இழுத்துவிடும். முந்தைய இடத்தில் டாங்கியில் இருந்ததை மட்டும் உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிசை ஊற்றியிருக்கிறார்கள், குழாய்களில் பழசு அப்படியே கிடந்திருக்கிறது.

இந்த ஒயில் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். டாட் 3 என்ற வகைப் பிரேக் ஒயில் புதிசாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரம், ஈரம் ஏறியதற்கு அது வெறும் 140. நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேற, உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகிறது, ஆவி அமுங்கும், நாம் மிதிப்பது சில்லுக்குப் போய்ச் சேராது. உப்புவெளிக்கும் டவுனுக்கும் ஓடும்போது இது தெரியவே தெரியாது, எல்லாம் சமதரை. மலைக்குப் போனால்தான் பிடிபடும். ஆனபடியால் கிலோமீற்றர் ஓடாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், அதுவும் கடற்காற்றும் புழுக்கமும் உள்ள நம் ஊரில்.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம், சீல் உடைக்காத போத்தலை என் கையில் தந்து, டாங்கி மூடியில் எழுதியிருக்கும் டாட் 3தான் இதிலும் இருக்கிறதா என்று என்னையே பார்க்கச் சொன்னார். மட்கார்டில் ஈரத்துணி விரித்துவிட்டுத்தான் ஊற்றினார், இந்த ஒயில் பட்டால் பெயின்ட் போய்விடும். நாலு சில்லிலும் தெளிந்த ஒயில் வரும்வரை விடவில்லை. நடுவில் டாங்கி வற்றிவிடாமல் மூன்று தரம் நிரப்பினார். பிறகு என்னை ஏற்றிக்கொண்டு கன்னியாப் பக்கம் ஓடிப் பார்த்தார். பெடல் இப்போது பாதியிலேயே கல்லாக நிற்கிறது.

குறை என்றால், இருக்க இடமில்லை, காட் எடுக்க மாட்டார்கள், ஒன்றரை மணித்தியாலம் வெயிலில் நின்றேன். பில்லில் ஒயிலுக்கும் கூலிக்கும் தனித்தனியாக எழுதித் தந்தார்கள், காலிப் போத்தலையும் கேட்காமலே தந்தார்கள். உதவிக்கு நிற்கும் தம்பி வராத நாளில் பிரேக் வேலை எடுப்பதில்லை, அதனால் முதல்நாளே கேட்டுவிட்டுப் போங்கள். ஞாயிறு பூட்டு.