ஃபார்மல் ஷூ கடிக்கிறதா? எது நாள்பட உதவுகிறது, எது வீண்

ஷூ கடித்தால் உடனே ஜெல் பேட் வாங்கத் தோன்றும். மாதக்கணக்கில் போட்டு நடக்கும்போது அதிகம் ஏமாற்றுவதும் அதுதான். மெத்தென்று எதை உள்ளே வைத்தாலும் காலுக்கு இருக்கும் இடம் அந்த அளவுக்குக் குறையும். ஏற்கெனவே இறுக்கமான ஷூவில் 3 மி.மீ. பேட் வைத்தால் வலி கூடத்தான் செய்யும்.

எனவே வலி இறுக்கத்தாலா, உரசலாலா என்று முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். ஷூவைக் கழற்றி வெகுநேரமாகியும் சுண்டுவிரல் பக்கம் சிவந்த தடம் மறையவில்லை என்றால் அது இறுக்கம். குதிகாலில் கொப்புளம் என்றால் பெரும்பாலும் கால் ஏறி இறங்கி உரசுகிறது.

இறுக்கத்துக்கு, ஷூவுக்குள் வைத்துத் திருகி விரிக்கும் ஸ்ட்ரெட்சர்தான் சரியான கருவி. அசல் தோலில் மட்டுமே பலிக்கும். அதுவும் அகலம்தான் கூடும், நீளம் அசையாது. சர்ஜிக்கல் ஸ்பிரிட்டும் தண்ணீரும் சரிபாதி கலந்து, சாயம் போகிறதா என்று மறைவான ஓர் இடத்தில் பார்த்துவிட்டு, இறுக்குகிற இடத்தில் உட்புறமாகத் தெளிக்கவும். கட்டைவிரல் எலும்பு புடைத்திருந்தால் அந்த இடத்துக்கு நேராக ஸ்ட்ரெட்சரில் குமிழைப் பொருத்திக்கொள்ளலாம். ஸ்ட்ரெட்சரை உள்ளே வைத்து, தோல் விறைக்கும்வரை கைப்பிடியைத் திருகி, பிறகு எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அரைச் சுற்று. ஒன்று அல்லது இரண்டு நாள் போதும். அவசரப்பட்டு முறுக்கினால் தையல் விடும். எடுத்த பிறகு தோல் சற்றுச் சுருங்கும் என்பதால், தடித்த சாக்ஸுடன் வீட்டுக்குள்ளேயே அரை மணி நேரம் நடப்பது நல்லது.

பளபளக்கும் பேட்டன்ட் லெதரில் இதைச் செய்தால் மேல்பூச்சு வெடிக்கும். ரெக்சின் நெகிழ்ந்ததுபோல் காட்டிவிட்டுப் பழைய நிலைக்கே திரும்பிவிடும். ஹேர் டிரையர் சூடு தோலை வறட்டும், அடிப்பாகப் பசையையும் இளக்கும். தண்ணீர்ப் பையை உள்ளே வைத்து ஃப்ரீசரில் உறைய வைக்கும் வித்தையில் விரிவைக் கட்டுப்படுத்தவே முடியாது. இரண்டையும் விட்டுவிடலாம்.

உரசலுக்குப் பலரும் குதிகால் பின்னால் பேட் ஒட்டுகிறார்கள். அது காலை முன்னே தள்ளும். குதிகால் தப்பும், விரல்கள் மாட்டிக்கொள்ளும். அதே பேடை ஷூ நாக்கின் அடியில் ஒட்டினால் கால் பின்னோக்கி அமர்ந்து, குதிகால் தூக்குவது நிற்கும். லேஸ் கட்டும் முன் குதிகாலைத் தரையில் தட்டிப் பின்னுக்கு அமர்த்துவது காசில்லாத மருந்து. புறங்கால் மேடு அழுத்தினால் அந்த இடத்தில் மட்டும் லேஸைக் குறுக்கே விடாமல் பக்கவாட்டில் மேலேற்றவும். பின்விளிம்பு விறைப்பாக இருந்தால் துணியை மேலே போட்டு, ஸ்பூனின் குவிந்த பக்கத்தால் அழுத்தித் தேய்த்துத் தேய்த்து மழுங்கடிக்கலாம்.

உள்ளங்காலின் முன்பகுதி எரிந்தால் பேட் வைக்கலாம், ஆனால் வலிக்கிற இடத்தில் அல்ல, அதற்குச் சற்றுப் பின்னால். வலிக்கும் புள்ளியில் லிப்ஸ்டிக் தடவி, வெறுங்காலுடன் ஷூ போட்டு எழுந்து நின்றால் இன்சோலில் தடம் விழும். பேடின் முன்விளிம்பு அந்தத் தடத்துக்குப் பின்னால் முடிய வேண்டும். தடத்தின் மேலேயே ஒட்டினால் வலிக்கும் எலும்பை இன்னும் அழுத்தும்.

உழைப்பைப் பொறுத்தவரை ஜெல் கடைசிதான். வியர்வையில் பசை விட்டு, ஓரம் சுருண்டு, அந்தச் சுருளே புதிதாகக் கடிக்கும். மேலே ஸ்வேட் தோல் வைத்த நுரை பேட் கூடுதல் நாள் நிற்கும். ஒட்டும் முன் உட்புறத்தை ஸ்பிரிட்டால் துடைத்து உலர விட்டால் பசை நன்றாகப் பிடிக்கும். குதிகாலுக்கு டேப் போடுவதானால் கொப்புளம் வரும் முன், காய்ந்த தோலில், மூலைகளை வட்டமாக வெட்டி ஒட்டவும். வாசலின் தொடக்கத்தில் வழுக்கும். காலின் தோல் ஊறியபின் உரசல் முன்னிலும் கூடும்.

நின்றபடி பார்க்கும்போது நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டராவது இடம் இல்லையென்றால் மேற்சொன்ன எதுவும் உதவாது. அந்த ஷூவை மாற்றத்தான் வேண்டும். புதிதாக வாங்குவதானால் கால் சற்று வீங்கியிருக்கும் மாலையில் போட்டுப் பாருங்கள், இரண்டில் பெரிய காலுக்கு ஏற்ற அளவை எடுங்கள். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் இந்தச் சோதனைகளில் இறங்காமல் மருத்துவரிடம் பாதத்தைக் காட்டுவதே சரி. புண் வந்தாலும் அவர்களுக்கு வலி தெரியாமல் போகலாம்.