உப்புக்காற்றும் கூல்றூமும்: கல்லாற்றிலிருந்து ஒரு பாவனை அனுபவம்

மட்டக்களப்புக்குத் தெற்கே, கல்லாற்றில் எங்கள் மீன் கூல்றூம் 2017இல் போட்டது. மைனஸ் 18 பாகையில் நிற்கவேண்டிய ஃபிரீசர் அறை. வெளியே மூன்று பேஸ் கரண்டில் ஓடுகிற கொம்பிரசர், குளிரூட்டுகிற காஸ் ஆர்-404ஏ. சூரை, அறுக்குளா, பாரை, வாவி இறால் எல்லாம் இதற்குள்தான். இத்தனை வருடத்தில் கொம்பிரசர் ஒரு தடவைதான் மாறியது. எங்களை அலைக்கழித்ததெல்லாம் அதைச் சுற்றியுள்ள சில்லறைச் சாமான்கள்தான். மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் கூல்றூம் போட யோசிக்கிறவர்களுக்கு இது உதவலாம்.

முதலில் இந்தக் காஸ் கதை. "குளிர் பத்தாது" என்று கூப்பிட்டால் வருகிற தம்பிமாரில் பாதிப்பேர் அழுத்தம் பார்க்கிற கேஜைக்கூட மாட்டாமல், "காஸ் குறைஞ்சிட்டு அண்ணன், அடிச்சாச் சரி" என்பார்கள். கல்முனையில் இருந்து வரும் வயதான மெக்கானிக் ஒருவர்தான் எங்களுக்கு விசயத்தை விளங்கப்படுத்தினார்: "மனே, காஸ் குடிச்சுத் தீர்க்கிற சாமான் இல்ல இது. குறைஞ்சா எங்கயோ ஓட்டை." காஸ் மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. அது தேயாது.

அவர் காட்டித்தந்த சோதனையை இன்றைக்கும் செய்கிறோம். அறைக்குள்ளே குளிர் தருகிற குழாய்ச் சுருளை, அதாவது கொயிலை, டோர்ச் அடித்துப் பார்க்கவேண்டும். முழுக் கொயிலும் சுவர் மாதிரி ஐஸ் கட்டியிருந்தால், பெரும்பாலும் காஸ் பிரச்சினை இல்லை. அந்த ஐஸை இடைக்கிடை உருக்குகிற டிஃப்ரொஸ்ட் வேலை செய்யவில்லை. அதன் ஹீட்டர் எரிந்துபோயிருக்கும், அல்லது டைமர் நின்றிருக்கும். ஐஸை உருக்கி ஹீட்டரை மாற்றினால் சரி. கொயிலுக்குக் காஸை அளந்து விடுகிற எக்ஸ்பான்ஷன் வால்வுக் குழாய் நுழைகிற இடத்தில் மட்டும் வெண்பனி பிடித்து, மிச்சக் கொயில் வெறுமனே கிடந்தால்தான் காஸ் குறைவு என்று யோசிக்கலாம். அதிலும் வால்வு அடைத்திருந்தாலும், காஸின் ஈரத்தையும் அழுக்கையும் பிடிக்கிற ஃபில்டர் ட்ரையர் அடைத்திருந்தாலும் இதே முகம்தான் காட்டும். காஸ்தான் குறைவு என்று உறுதியானால் குழாய்ப் பொருத்துகளில் எண்ணெய்க் கசிவைத் தேடுங்கள், சவர்க்கார நுரை பூசுங்கள். ஓட்டையை அடைத்து, நைட்ரஜன் ஏற்றிக் கசிவு இல்லையென்று பார்த்து, உள்ளிருக்கிற காற்றை உறிஞ்சி வெக்கியூம் பிடித்த பிறகுதான் காஸ். இதெல்லாம் இல்லாமல் மேலால் அடிக்கிற காஸ் காற்றில் போகிற காசு.

அடுத்தது எங்கள் ஊருக்கே உரிய வில்லங்கம். கல்லாறு ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமான ஒடுங்கிய நிலம். உப்பு எந்தக் காற்றிலும் வரும். சூட்டை வெளியே விடுகிற கொண்டென்சரில் செப்புக் குழாயும் அலுமினியத் தகடும் ஒட்டி இருப்பதால், உப்பு ஈரம் பட்டதும் அலுமினியம்தான் முதலில் அரிக்கும். எங்கள் முதல் கொண்டென்சரின் கீழ்ப்பக்கத் தகடுகளை விரலால் தொட்டால் வெள்ளை மாவாக உதிர்ந்தன. தகடு போனால் சூடு வெளியே போகாது, அழுத்தம் கூடினால் மெசினை நிறுத்துகிற ஹை பிரஷர் சுவிட்ச் அடிக்கடி தட்டிவிடும். "ரீசெட்டை அமத்துங்க" என்று போனில் சொல்கிற மெக்கானிக்கை நம்பி அமத்திக்கொண்டே இருந்தால் கடைசியில் கொம்பிரசர்தான் போகும். இப்போது பூச்சுப் பூசிய தகடுள்ள கொண்டென்சர் போட்டிருக்கிறோம், கிழமைக்கு ஒருமுறை நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவுகிறோம். பிரஷர் வோஷர் வேண்டாம், தகடு மடங்கிவிடும்.

கச்சான் காற்றுக் காலத்துக்கும் தனியாக ஒரு யோசனை வேண்டும். வெளியே நிற்கிற யூனிட்டைப் பூட்டிய ஆட்கள் ஃபேன் மேற்கே ஊதுகிற மாதிரி வைத்துவிட்டுப் போனார்கள். ஜூன், ஜூலையில் மேற்கிலிருந்து கச்சான் அடிக்கும்போது, ஃபேன் வெளியே தள்ளுகிற சூட்டை அது திருப்பி உள்ளே தள்ளியது. பகல் 2 மணிக்கு மட்டும் மெசின் தட்டி நிற்கும், இரவில் ஒரு குறையும் இல்லை. யூனிட்டை வடக்கே திருப்பி, மேலே தகரப் பந்தல் போட்டதோடு அது நின்றது.

கரண்ட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மழைக்காலத்தில் மூன்று பேஸில் ஒன்று போனால் மோட்டர் உறுமிக்கொண்டே சூடாகி எரியும். எங்கள் பழைய கொம்பிரசர் போனது அப்படித்தான். ஒரு பேஸ் போனால் மெசினை நிறுத்திவிடுகிற பேஸ் பெயிலியர் ரிலேயின் விலை ஒரு கொம்பிரசரின் விலைக்குப் பக்கத்திலும் வராது. ஏன் அதை மெசினோடு சேர்த்து விற்கிறார்கள் இல்லை என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. அதோடு கரண்ட் வந்தவுடன் மெசின் எடுக்காமல் சில நிமிடம் பிந்தி எடுக்க ஒரு டிலே டைமரும் போடுங்கள். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டிய நேரம், ஜெனரேட்டருக்கு டீசலும் கிடைக்காமல், கதவைத் திறக்காமல் வைத்ததுதான் மீனைக் காப்பாற்றியது.

கதவு றப்பரைச் சோதிக்க ஏதாவது ஒரு காசுத்தாள் போதும். கதவிடுக்கில் வைத்துச் சாத்தி இழுங்கள். லேசாக வந்தால் றப்பர் போய்விட்டது. அந்த இடைவெளியால் நுழைகிற ஈரம்தான் கொயிலில் ஐஸாகிறது.

இன்னும் தீராதது ட்ரெயின் குழாய், அதாவது தண்ணீர் வடிகிற குழாயின் ஹீட்டர். அது எரிந்துபோனால் டிஃப்ரொஸ்ட் தண்ணீர் குழாய்க்குள்ளேயே உறைந்து, தட்டு நிரம்பித் தரையில் கண்ணாடியாகப் படியும், பெட்டி தூக்குகிற பொடியன்மார் வழுக்கி விழுவார்கள். எங்கள் அளவு ஹீட்டர் கொழும்பில் இருந்துதான் வரவேண்டும். புதிதாகப் போடுகிறவர்கள் விலை பேசும்போதே டிஃப்ரொஸ்ட் ஹீட்டர், ட்ரெயின் ஹீட்டர், மோட்டருக்குக் கரண்ட் கொடுக்கிற கொன்டக்டர் மூன்றிலும் மேலதிகமாக ஒவ்வொன்று கேட்டு வாங்கி வையுங்கள். பிறகு கேட்டால் வேறு விலை சொல்வார்கள்.