ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தில் உள்ள முகவரியைத் திறக்க வேண்டாம்

போன மாதம் ஆரியங்காவிலிருந்து ஒரு அம்மா போன் செய்தார்கள். அவர்கள் மகள் கல்யாணத்துக்கு நான்தான் படம் எடுத்தேன். இப்போது பேரன் பிறந்திருக்கிறான். பார்க்க வந்தவர்களுக்குக் காட்டக் கல்யாண ஆல்பத்தை எடுத்திருக்கிறார்கள். கடைசிப் பக்கத்தில் இருந்த கியூஆர் கோடை யாரோ ஸ்கேன் செய்திருக்கிறார்கள்.

"தம்பி, உங்க கடைப் பேரப் போட்டா சூதாட்டம் மாதிரி என்னவோ வருதே. பணம் கட்டச் சொல்லுதே. பிள்ளைங்க எல்லாம் சுத்தி உக்காந்திருக்கு" என்றார்கள்.

எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. அந்தப் பக்கத்தில் தங்க எழுத்தில் அச்சடித்திருப்பது எங்கள் அப்பா தொடங்கிய ஸ்டுடியோவின் பெயர். அந்தப் பெயருக்குள் இன்று யாரோ முகம் தெரியாதவர் சூதாட்டக் கடை போட்டிருக்கிறார். அவரைத் தடுக்க எனக்கு ஒரு வழியும் இல்லை. எப்படி இங்கே வந்து நின்றேன் என்பதை முழுதாக எழுதுகிறேன். சின்னதாக ஸ்டுடியோ வைத்திருப்பவர்கள், வெப்சைட் போடலாமா என்று யோசிப்பவர்கள் தயவுசெய்து கடைசி வரை படியுங்கள்.

செங்கோட்டையில் எங்கள் கடை. 1956 நவம்பர் வரை இந்த ஊர் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. அதனால் இங்கே பல குடும்பங்களுக்குக் கொள்வினை கொடுப்பினை எல்லாம் எல்லை ஊரான புளியரைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில்தான். எனக்கு வரும் கல்யாண வேலையும் அப்படியே. பெண் வீடு தென்காசி, மாப்பிள்ளை வீடு புனலூர் என்று வரும். கழுதுருட்டிப் பதிமூன்று கண் பாலத்தில் ஒரு ஷூட், சுந்தரபாண்டியபுரம் சூரியகாந்தித் தோட்டத்தில் ஒரு ஷூட். மலைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் கடைக்கு நேரில் வந்து ஆல்பம் புரட்டிப் பார்க்க முடியாது. இணையத்தில் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். அதற்காகத்தான் வெப்சைட்.

தென்காசிப் பக்கம் வெப்சைட் செய்து கொடுக்கும் ஒருவரிடம் போனேன். பெயர் சொல்ல விரும்பவில்லை. "டிசைன் தனி, ஹோஸ்டிங் வருஷத்துக்கு 1,800, எல்லாமே அன்லிமிடெட், டொமைன் ஃப்ரீ" என்றார். ஹோஸ்டிங் என்பது தளத்தை வைக்கும் இடத்துக்கான வாடகை, டொமைன் என்பது தளத்தின் முகவரிப் பெயர். பில் கேட்டேன். "நம்ம ஆளுக்கு எதுக்கு அண்ணாச்சி பில்லு" என்றார். ஜிபேயில் அனுப்பினேன். குறிப்பில் 'வெப்' என்று ஒரு சொல் மட்டும் போட்டேன். பின்னால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லும்போது என் கையில் இருந்த ஆதாரம் அந்த ஒரு சொல்தான்.

முதல் வருடம் பிரச்சினை இல்லை. தளம் திறக்க நேரமாகும், அவ்வளவுதான். சர்வர் அமெரிக்காவில் இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. பார்க்கிற ஆள் கொல்லத்தில் இருக்க, படம் கடல் தாண்டி வந்துகொண்டிருந்தது. இரண்டாம் வருடம் அதே பிளானுக்கு 6,500 கேட்டார். முதல் வருடத்து விலை ஆள் பிடிக்கிற விலை, புதுப்பிக்கும் விலை வேறு என்று அப்போதுதான் புரிந்தது. சரி என்று கட்டினேன்.

ஆடி மாதம் எங்களுக்குக் கல்யாணம் கிடையாது. அந்தப் பக்கம் கர்க்கடகம், அவர்களுக்கும் கிடையாது. வெளியே சாரல் அடித்துக்கொண்டிருக்க, கடைக்குள் உட்கார்ந்து படம் ஏற்றுவதுதான் அந்த ஒரு மாதமும் வேலை. கல்யாணம் முடிந்த ஒவ்வொரு வீட்டாருக்கும் தனித்தனி கேலரி போட்டுக் கொடுத்தேன். அதுவரை 55 கல்யாணம், ஒன்றுக்குச் சுமார் 350 படம். 2,500 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கித்தான் ஏற்றினேன். அன்லிமிடெட் என்ற சொல்லை அப்படியே நம்பினேன்.

அந்தச் சொல் ஜிபியை, அதாவது இடத்தின் அளவைப் பற்றி மட்டும்தான் பேசுகிறது. கோப்புகளின் எண்ணிக்கைக்கு ஐநோடு என்று தனியாக ஒரு வரம்பு உண்டு. விலைப் பட்டியலில் அது இருக்காது, விதிமுறைப் பக்கத்தின் அடியில் இருக்கும். என் பிளானுக்கு அது 2 லட்சம். என் தளம் ஓடியது வேர்ட்பிரஸ் என்ற தளம் நடத்தும் மென்பொருளில். நாம் ஒரு படம் ஏற்றினால் அது 150, 300, 768, 1024, 1536, 2048 பிக்சல் என்று ஆறு அளவில் தானாகவே நகல் எடுத்து வைக்கும். அசலோடு ஏழு. தளத்தின் தோற்றத்துக்குப் போட்ட கேலரித் தீம் தன் பங்குக்கு இன்னும் இரண்டு செய்தது. 19,000 படத்தை ஒன்பதால் பெருக்கிப் பாருங்கள். 1,70,000 தாண்டிவிடும். அதற்கு மேல் வேர்ட்பிரஸ்ஸின் சொந்தக் கோப்புகள், கேஷ் என்கிற தற்காலிகக் கோப்புகள், மெயில்கள். மிச்சம் இருந்த எண்ணிக்கை அதிலேயே போய்விட்டது.

ஆவணி பிறந்த நாலாம் நாள். அந்தப் பக்கம் சிங்ஙம், கல்யாண சீசன். புனலூரில் ஒரு பெண்ணின் அண்ணன் என்னையும் இன்னொருவரையும் பார்த்து வைத்து, வீட்டில் எல்லோருமாக உட்கார்ந்து முடிவு செய்வதாக இருந்தது. ராத்திரி எட்டரைக்குப் போன். "சேட்டா, சைட் துறக்குந்நில்லல்லோ." திறந்து பார்த்தேன். வெள்ளைத் திரையில் ஆங்கிலத்தில் ஒரே வரி, இந்தக் கணக்கு நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது என்று. ஒரு கடையைப் பற்றி வேறு எதுவுமே தெரியாத குடும்பம் அதைப் பார்த்தால் என்ன நினைக்கும்? பணம் கட்டாமல் மூடிவிட்டான் என்றுதானே. அந்த வேலை போயிற்று. அந்த வாரத்திலேயே இன்னும் இரண்டு போயின.

ஹோஸ்டிங் கம்பெனிக்கே நேராக எழுதினேன். 26 மணி நேரம் கழித்துப் பதில் வந்தது. நீங்கள் எங்கள் வாடிக்கையாளர் இல்லை, உங்களுக்கு விற்றவரிடம் கேளுங்கள் என்று. எனக்கு விற்றவர் ஒரு ரீசெல்லர். பெரிய இடமாக வாங்கிக் கூறு போட்டு விற்பவர். அது தப்பில்லை, நன்றாகச் செய்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அவசரத்தில் கம்பெனிக்காரர்களிடம் பேசுகிற உரிமை உங்களுக்கு இருக்காது. அவர் போனை எடுத்தால்தான் உண்டு. அவர் இரண்டு நாள் எடுக்கவில்லை. எடுத்தபோது பிளான் மாற்ற 8,000 என்றார். கட்டினேன். ஆறு நாள் கழித்துத் தளம் திரும்பியது, ஐந்து மாதத்துக்கு முந்தைய பேக்கப்போடு. தினமும் பேக்கப் எடுக்கிறோம் என்றீர்களே என்று கேட்டேன். கோப்புகள் அதிகமான கணக்குகளுக்குத் தானியங்கிப் பேக்கப் கிடையாதாம், அதுவும் விதிமுறையில் இருக்கிறதாம். ஆடி மாதம் முழுக்க நான் ஏற்றியது எதுவும் இல்லை.

இதோடு நின்றிருந்தால் இந்தப் பதிவை எழுதியிருக்க மாட்டேன். பணம் போகும், வரும்.

வேறு இடத்துக்கு மாறிவிடலாம் என்று முடிவு செய்து, டொமைனை மாற்றுவதற்கான ஆத் கோடைக் கேட்டேன். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. டொமைனை அவர் தன் பெயரில், தன் மெயில் முகவரியில் பதிவு செய்து வைத்திருந்தார். "ஃப்ரீயா குடுத்ததுதானே. வேணும்னா 20,000 ஆகும்" என்றார். டாட் காம் டொமைன்களுக்கு, இணையப் பெயர்களை மேற்பார்வையிடும் ஐகேன் அமைப்பு வைத்திருக்கும் விதிப்படி, உரிமையாளர் கேட்ட ஐந்து நாளுக்குள் பதிவு நிறுவனம் அந்தக் கோடைக் கொடுத்தாக வேண்டும். ஆனால் உரிமையாளர் என்றால் பதிவில் பெயர் உள்ளவர். கடை என்னுடையது, பெயர் எங்கள் அப்பாவுடையது, பதிவு அவருடையது. கோபத்தில் முடியாது என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்று கடன் வாங்கியாவது அந்த 20,000ஐக் கொடுத்திருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். சொல்ல வலிக்கத்தான் செய்கிறது.

அடுத்த வைகாசியில் டொமைன் காலாவதியானது. அவர் புதுப்பிக்கவில்லை. நம்பரும் அணைந்து கிடந்தது. காலாவதியான டாட் காம் பெயர் உடனே கைவிட்டுப் போய்விடாது. பதிவு நிறுவனம் 45 நாள் வரை சலுகை கொடுக்கலாம். நீக்கிய பிறகும் 30 நாள் மீட்புக் காலம் உண்டு, கட்டணம் கூடுதலாக இருக்கும். அதற்குப் பின் 5 நாளில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். இத்தனை வாசலும் பதிவு செய்தவருக்குத்தான் திறக்கும். நாள் எண்ணிக்கொண்டு வெளியே காத்திருந்தேன். பெயர் விடுபட்ட நிமிடமே யாரோ எடுத்துவிட்டார்கள். பழைய பெயர்களுக்குக் கூகுளில் ஏற்கெனவே இடம் இருக்கும் என்பதால், இப்படி விழுகிற பெயர்களைப் பொறுக்குவதையே சிலர் தொழிலாக வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், பலர் இதை யோசிப்பதில்லை. டொமைன் போனால் அதில் இயங்கும் மெயிலும் போகும். புதிதாக வாங்கியவர் நினைத்தால் உங்கள் பழைய முகவரிக்கு வரும் மெயிலை அவர் வாங்கிக்கொள்ளலாம். பாஸ்வேர்டு மாற்றும் லிங்க் உட்பட. என் இன்ஸ்டாகிராம் அந்த மெயிலில்தான் இருந்தது. பெயர் கைமாறுவதற்கு முன்பே மாற்றிவிட்டேன்.

இப்போது புதுப் பெயர் வாங்கியிருக்கிறேன். பதிவு நிறுவனத்தில் என் பெயரில், என் போன் நம்பரில், என் சொந்த ஜிமெயிலில் நானே உட்கார்ந்து பதிவு செய்தேன். ஹோஸ்டிங் வேறொரு கம்பெனியில், சர்வர் மும்பையில். அவர்களிடம் வாங்குவதற்கு முன் மூன்று கேள்வி எழுத்தில் கேட்டேன். இரண்டாம் வருடம் ஜிஎஸ்டியோடு எவ்வளவு, ஐநோடு வரம்பு எவ்வளவு, எந்த அளவுக்கு மேல் பேக்கப் நிற்கும். ராத்திரி பதினொரு மணிக்கு அனுப்பினேன், யார் பதில் சொல்கிறார்கள் என்று பார்ப்பதற்காகவே. வாடிக்கையாளர் கேலரிகளைத் தளத்தில் வைப்பதையே விட்டுவிட்டேன், டிரைவ் லிங்க்காக அனுப்புகிறேன். தளத்தில் இருப்பது பொறுக்கி எடுத்த 40 படம், ஒவ்வொன்றும் 300 கேபிக்குள். முழுத் தளத்தையும் ஞாயிறு தோறும் ஹார்ட் டிஸ்க்கில் இறக்கி வைக்கிறேன். ஒருமுறை அதை வேறு இடத்தில் ஏற்றி ஓடுகிறதா என்றும் பார்த்தேன். தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழான எஸ்எஸ்எல்லுக்குத் தனியாகக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள், லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு அதை இலவசமாகத் தருகிறது.

ஏற்கெனவே யாரோ செய்து கொடுத்த தளம் வைத்திருப்பவர்கள் இன்றைக்கே அவரிடம் ஒன்று கேளுங்கள்: டொமைன் எந்தக் கணக்கில், யார் மெயிலில் இருக்கிறது? ஐகேனின் தேடல் பக்கமான ஐகேன் லுக்கப்பில் உங்கள் டொமைன் பெயரைப் போட்டால் எந்த நிறுவனத்தில் பதிவு, என்றைக்குக் காலாவதி என்பது வரும். சண்டை எதுவும் இல்லாத நாளில் மாற்றிக் கேட்டால் பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள். உறவு கெட்ட பிறகு கேட்டவன் நான்.

அப்புறம் என் வாடிக்கையாளர்களுக்கு. அந்த 55 கல்யாணத்துக்குப் பெண் வீட்டுக்கு ஒன்று, மாப்பிள்ளை வீட்டுக்கு ஒன்று என்று 110 ஆல்பம் கொடுத்திருக்கிறேன். எல்லாவற்றிலும் கடைசிப் பக்கத்தில் பழைய முகவரியும் கியூஆர் கோடும் இருக்கின்றன. தயவுசெய்து ஸ்கேன் செய்யாதீர்கள், பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். சாதா ஸ்டிக்கர் ஒட்டிப் பார்த்தேன், தங்க எழுத்து மேடு அப்படியே தெரிந்தது. கறுப்பு வினைலில் புதுப் பெயரை அடித்து வைத்திருக்கிறேன், அது சரியாக மூடுகிறது. கடைக்குக் கொண்டு வந்தால் பத்து நிமிட வேலை. ஆரியங்காவு, தென்மலை, புனலூர் பக்கம் இருப்பவர்கள் வாட்ஸ்அப்பில் ஒரு வார்த்தை போட்டால் போதும். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் நானே வண்டியில் வந்து ஒட்டித் தருகிறேன். இதுவரை 41 ஆல்பம் முடிந்திருக்கிறது.