'ராவே' எட்டு வாரம்: வேளாண் கல்லூரியின் கிராமப் பயிற்சி எப்படி இருக்கிறது?

பி.எஸ்சி. வேளாண்மையின் ஏழாம் பருவத்தில் வரும் கிராமப்புற வேளாண் பணி அனுபவத்தை மாணவர்கள் 'ராவே' என்பார்கள். இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் பாடத்திட்டத்துக்காக அமைத்த ஐந்தாவது டீன்கள் குழு வகுத்தபடி இது 20 வாரம், 20 கிரெடிட். ஒரு வாரம் அறிமுகம், 8 வாரம் கிராமம், 5 வாரம் கேவிகே (வேளாண் அறிவியல் நிலையம்) அல்லது ஆராய்ச்சி நிலையம், 2 வாரம் பயிர் மருத்துவ மையம், 3 வாரம் வேளாண் தொழில் நிறுவனம், கடைசி வாரம் அறிக்கையும் மதிப்பீடும். இதில் உயிர்நாடி அந்த எட்டு வாரம்தான். நான்கு ஆண்டுப் படிப்பில் விவசாயி நேருக்கு நேர் கேள்வி கேட்கும் இடம் வேறு கிடையாது.

செய்முறை விளக்கங்களில் ஊர் நின்று பார்ப்பது முட்டை மிதப்பு முறை. 10 லிட்டர் தண்ணீரில் முட்டையைப் போட்டால் அடியில் தங்கும். உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டே வர, ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ ஆனதும் முட்டை மேலே வந்து, 25 பைசா அளவுக்கு ஓடு வெளியே தெரியும். அந்தக் கரைசலில் விதைநெல்லைக் கொட்டி, மிதக்கும் பதரை அள்ளிவிட வேண்டும். முட்டை அன்று இட்டதாக இருப்பது முக்கியம். பழைய முட்டை வெறும் தண்ணீரிலேயே மிதந்து காரியத்தைக் கெடுக்கும். அடியில் தங்கிய விதையை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலச வேண்டும். உப்பு ஒட்டியிருந்தால் முளைப்பு குறையும், பழி மாணவர் தலையில் விழும். நடவு முடிந்த ஊரில் இதைச் செய்து காட்டுவதோ வீண் வேலை. ஆனால் அட்டவணையில் இருக்கிறதே என்று அதையும் செய்கிறார்கள்.

மண் மாதிரியிலும் இதே கோளாறுதான். வரப்போரம், மரநிழல், எருக்குவியல் கிடந்த இடம் தவிர்த்து, வயலில் வளைந்து வளைந்து நடந்து 10 முதல் 15 இடங்களில் 'வி' வடிவக் குழி எடுக்க வேண்டும்: நெல், நிலக்கடலைக்கு 15 செ.மீ., கரும்பு, பருத்திக்கு 22.5 செ.மீ. சேர்ந்த மண்ணைக் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பகுதிகளை ஒதுக்கி, அரைக் கிலோ ஆகும்வரை குறைக்க வேண்டும். இதையெல்லாம் சரியாகவே செய்கிறார்கள், ஆனால் ஆறாம் ஏழாம் வாரத்தில். முடிவு வரும்போது பிள்ளைகள் ஊரில் இல்லை. முதல் வாரமே மாதிரி எடுத்து அனுப்பினால், கிளம்புவதற்குள் விவசாயியோடு உட்கார்ந்து உர அளவைப் பேசலாம்.

சமூக வரைபடம், பருவகால நாட்காட்டி, ஊருக்கு எந்த அமைப்பு எவ்வளவு முக்கியம் என்று வட்டங்களால் காட்டும் சப்பாத்தி வரைபடம் எல்லாம் கோலப்பொடியால் தெருவில் போடுவது அருமையான ஏற்பாடு. எழுதப் படிக்கத் தெரியாதவரும் குச்சியை வாங்கித் திருத்துவார். தலைவர் வீட்டு வாசலில் காலை 11 மணிக்கு வைத்தால் பாழ். களையெடுக்கப் போன பெண்கள் வரமாட்டார்கள், காலனி ஆட்களும் தள்ளியே நிற்பார்கள். மாலை ஆறுக்கு மேல் ஊர்ப் பொது இடத்தில் ஒன்று, காலனியில் தனியாக ஒன்று, பெண்களுக்கு மட்டும் ஒன்று என்று வைத்தால் மூன்று படமும் வேறு வேறாக வரும். அந்த வேறுபாட்டை அறிக்கையில் எழுதுவதுதான் உண்மையான பாடம்.

ராவேயும் அடங்கிய 'ஸ்டூடண்ட் ரெடி' திட்டத்தில் மாணவருக்கு மாத உதவித்தொகை ரூ. 3,000. வாடகை, சாப்பாடு, பஸ் எல்லாவற்றுக்கும் இது போதாது.

எங்கள் மதிப்பெண் ஐந்துக்கு மூன்றரை. மண் பரிசோதனை முடிவு விவசாயி கைக்குப் போய்ச் சேர்ந்ததற்கு மதிப்பீட்டில் மதிப்பெண் வைத்தால் நாலரை தரத் தயார்.