டோனி ஸ்காட்: எதைப் பார்க்கலாம், எதைத் தள்ளலாம்

ஹாலிவுட் இயக்குநர் டோனி ஸ்காட் பேச்சு வந்தால் 'என்ன மேக்கிங்!' என்பார் ஒருவர். 'பாதியிலேயே தலைவலி வந்துவிட்டது' என்பார் இன்னொருவர். இருவர் சொல்வதும் நிஜம்தான். யார் எந்தப் படத்தைப் பார்த்தார் என்பதைப் பொறுத்தது. 'கிளாடியேட்டர்' எடுத்த ரிட்லி ஸ்காட்டின் தம்பி. லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டில் படித்தவர், வருடக்கணக்கில் விளம்பரப் படங்கள் எடுத்துக் கை பழகியவர். 1983 முதல் 2010 வரை 16 படங்கள். புகை, சாய்ந்த வெயில், ஃபில்டர் போட்டு ஆரஞ்சு ஏற்றிய வானம் என்று ஒரே ஒரு ஃப்ரேமை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் ஒரு படத்தைத் தூக்கி நிறுத்திய அதே கை அடுத்த படத்தைக் கவிழ்த்தும் இருக்கிறது. ஏன் என்று தெரிய, படங்களை ஜோடியாக வைத்துப் பார்ப்பதுதான் வசதி.

ஆரம்பக் காலத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். முதல் படம் 'தி ஹங்கர்' அழகாக இருந்தது, ஓடவில்லை. அப்புறம் ஸ்வீடனின் சாப் (Saab) காருக்காக, காரும் போர் விமானமும் போட்டி போடும் ஒரு விளம்பரம் எடுத்தார். அதைப் பார்த்துத்தான் 'டாப் கன்' (1986) வாய்ப்பு வந்தது. 1990-இல் அதே டாம் குரூஸ், அதே தயாரிப்பாளர்கள், விமானத்துக்குப் பதில் ரேஸ் கார்: 'டேஸ் ஆஃப் தண்டர்'. இரண்டுக்கும் கதை ஏறக்குறைய ஒன்றுதான். முந்தையதில் வானம் இருந்தது. பிந்தையதில் வண்டிகள் ஒரே வட்டத்தைச் சுற்றிச் சுற்றி வருகின்றன. எதைப் பார்ப்பது என்று யோசிக்கவே வேண்டாம்.

உண்மையான சுவாரசியம் அடுத்தடுத்த வருடங்களில் வந்த 'மேன் ஆன் ஃபயர்' (2004), 'டொமினோ' (2005) ஜோடியில் இருக்கிறது. இரண்டிலும் ஆயுதங்கள் ஒன்றே. ரிவர்சல் ஃபிலிமை வேறு ரசாயனத்தில் கழுவி நிறத்தைப் பிழிந்து எடுப்பது, ஒரு ஷாட்டின் மேல் இன்னொரு ஷாட்டை ஏற்றுவது, திரையில் எழுத்துகளை ஓடவிடுவது. முதல் படம் மனசைப் பிசைகிறது. இரண்டாவது கண்ணைக் கரிக்க வைப்பதோடு சரி.

'மேன் ஆன் ஃபயர்' கதை நமக்குப் பழக்கமானதுதான். இந்தியில் அமிதாப்பின் 'ஏக் அஜ்னபி', தமிழில் அர்ஜுனின் 'ஆணை' என்று அடுத்த வருடமே இங்கே வந்துவிட்டது. மெக்சிகோ சிட்டியில் ஒரு சிறுமிக்குக் காவலாக வரும் குடிகார முன்னாள் சிஐஏ ஆள் க்ரீஸி. அவர் தற்கொலைக்கு முயலும் இரவில் படம் உதறுகிறது, நிறம் கருகுகிறது. பிறகு சிறுமிக்கு நீச்சல் சொல்லித்தரும் காட்சிகள் வருகின்றன. பந்தயம் தொடங்கும் துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் அவள் ஒரு கணம் உறைந்து போகிறாள். அந்தச் சத்தத்துக்குப் பயப்படாதே என்று திரும்பத் திரும்பப் பழக்குகிறார். இங்கே ஸ்காட் கேமராவை அடக்கி வாசிக்கிறார். வெயில் மிதமாகிறது, டென்சல் வாஷிங்டன் முகத்திலும் டகோட்டா ஃபானிங் முகத்திலும் ஷாட் நின்று நிதானிக்கிறது. கடத்தல் நடப்பதற்கு முன் இப்படி வெகுநேரம் காத்திருக்கும் பொறுமை அவருடைய வேறு எந்தப் படத்திலும் இல்லை. அதனால்தான் பியானோ வகுப்பு வாசலில் அவள் கடத்தப்படும்போது படம் மறுபடி வெறி பிடித்து ஆடினால் நமக்கு உறுத்துவதில்லை. அது க்ரீஸியின் தலைக்குள் நடப்பது. சப்டைட்டில்கூட கீழே அடக்கமாக உட்காராமல் பெரிதாகிறது, நகர்கிறது, ஆங்கில வசனத்துக்கும் சில இடங்களில் முளைக்கிறது.

'டொமினோ'வில் அந்தத் தலை யாருடையது என்றே தெரியாது. நடிகர் லாரன்ஸ் ஹார்வியின் மகள் டொமினோ ஹார்வி, ஜாமீனில் ஓடிப்போனவர்களைப் பிடித்துத் தரும் வேலை பார்த்தவர். படம் வெளியாவதற்குச் சில மாதங்கள் முன்பு இறந்துபோனார். அந்த வாழ்க்கையில் ஒரு நல்ல படம் இருந்தது. ஆனால் திரைக்கதையில் ஒரு கோடி டாலர் கொள்ளை, போலி டிரைவிங் லைசென்ஸ், மாஃபியா, ரியாலிட்டி ஷோ, எல்லாவற்றுக்கும் மேல் ஒரு விசாரணை அறை. கதையே பத்துத் திசையில் ஓடும்போது படமும் சேர்ந்து ஓடுகிறது. முதல் நிமிடத்திலிருந்தே எல்லாம் மஞ்சளும் பச்சையும்தான். நடுவில் காபியில் போதை மருந்து கலந்து, வேனில் இருக்கிற எல்லோருக்கும் கண் கிறங்கும் காட்சி ஒன்று உண்டு. முன்னாலும் பின்னாலும் வரும் காட்சிகளிலிருந்து அதைப் பிரித்துக் காட்ட ஸ்காட்டிடம் ஒன்றுமே மிச்சமில்லை. எல்லாக் கறிக்கும் ஒரே அளவு மிளகாய்த்தூள் போட்டால் காரக்குழம்பு எது என்று எப்படித் தெரியும்? சுமார் 5 கோடி டாலரில் எடுத்த படம் அதில் பாதியைக்கூட வசூலிக்கவில்லை. இதை அவருடைய தலைசிறந்த சோதனை முயற்சி என்று கொண்டாடுகிற ரசிகர்கள் உண்டு. கொண்டாடட்டும், டொமினோவாக நடித்த கீரா நைட்லியின் உழைப்புக்காக நானும் ஒரு தடவை கை தட்டுவேன், அதற்கு மேல் முடியாது.

அடுத்த ஜோடி இரண்டு ரயில்கள். 'தி டேக்கிங் ஆஃப் பெல்ஹாம் 123' (2009), 'அன்ஸ்டாப்பபிள்' (2010). இரண்டிலும் டென்சல் ரயில்வே ஊழியர்தான். வித்தியாசம் ஒன்றே ஒன்று: முதல் படத்தில் ரயில் நிற்கிறது, இரண்டாவதில் ஓடுகிறது.

நியூயார்க் சுரங்கத்தில் கடத்தப்பட்டு நிற்கும் ரயிலிலிருந்து ஜான் டிரவோல்டா மைக்கில் பேசுகிறார். கட்டுப்பாட்டு அறையிலிருந்து டென்சல் பதில் சொல்கிறார். 1974-இல் இதே கதையில் வந்த பழைய படம் இந்த நெருக்கடியை நடிகர்களின் குரலையும் கிண்டலையும் வைத்தே கொண்டுபோயிற்று. ஸ்காட்டுக்கு அது போதவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து பேசும் மனிதரைக் கேமரா வட்டமடிக்கிறது, கெடு நேரம் திரையில் உறைந்து உறைந்து வருகிறது. பணம் கொண்டுபோகும் போலீஸ் வண்டி நடுத்தெருவில் நொறுங்குகிறது. ஹெலிகாப்டரில் கொண்டுபோயிருக்கலாமே என்று பார்க்கிறவர் கேட்கத்தான் செய்வார்.

அடைபட்ட இடம் ஸ்காட்டுக்கு ஒத்துவராது என்று முடிவு கட்டவும் முடியாது. 'கிரிம்சன் டைட்' (1995) பெரும்பாலும் நீர்மூழ்கிக் கப்பலுக்குள்தான் நடக்கிறது. ஜீன் ஹேக்மேனும் டென்சலும் அணு ஏவுகணையை ஏவுவதா வேண்டாமா என்று மூக்கோடு மூக்கு வைத்துச் சண்டை போடுகிறார்கள். சிவப்பு, பச்சை, நீல வெளிச்சம் முகங்களில் மாறி மாறி விழுகிறது. கேமரா துள்ள வேண்டிய தேவையே வரவில்லை. அமெரிக்கக் கடற்படை உதவ மறுத்ததால், பேர்ல் ஹார்பரிலிருந்து கிளம்பிய நிஜக் கப்பலை ஹெலிகாப்டரில் துரத்திப்போய், அது மூழ்குவதைப் படம்பிடித்துக்கொண்டு வந்தார்கள். ஆள் அப்படி. 'பெல்ஹாம்' படத்திலோ இரண்டு பேரும் கடைசிப் பகுதிவரை நேரில் சந்திப்பதே இல்லை. அந்த இடைவெளியை நிரப்பத்தான் இத்தனை ஆர்ப்பாட்டம்.

'அன்ஸ்டாப்பபிள்' ஒரு நிஜச் சம்பவத்திலிருந்து வந்தது. 2001 மே 15-ஆம் தேதி, ஒஹாயோவில் ஒரு சரக்கு ரயில் ஓட்டுநர் இல்லாமல் சுமார் 100 கிலோமீட்டர் ஓடியது; அதில் உருகிய ஃபீனால் என்ற நச்சு ரசாயனம் ஏற்றிய டேங்கர்களும் இருந்தன. பின்னாலிருந்து வேறொரு எஞ்சினை இணைத்து வேகத்தைக் குறைத்தார்கள். ஸ்காட் அதைப் பென்சில்வேனியாவுக்கு மாற்றி, வேகத்தைக் கூட்டி, கிளம்பிய வண்டி நிற்குமா நிற்காதா என்ற ஒரே கேள்வியை வைத்து 98 நிமிடம் ஓட்டியிருக்கிறார். கட்டாய ஓய்வில் வீட்டுக்கு அனுப்பப்படவிருக்கும் டென்சல், வேலைக்குப் புதிதாக வந்த கிறிஸ் பைன், இருவரின் குடும்பக் கதையும் எஞ்சின் அறைப் பேச்சில் நாலு வரியில் முடிகிறது. கேமரா இங்கேயும் சும்மா இருப்பதில்லை. ஆனால் தண்டவாளம் ஒரே திசையில் போவதால் எத்தனை கட் வந்தாலும் எது முன்னால், எது பின்னால் என்று நாம் தொலைந்துபோவதில்லை. எஞ்சினை இணைக்கப் போகும்போது கடைசிப் பெட்டி வெடித்துத் தானியம் பைனின் முகத்தில் புழுதிப்புயல் மாதிரி அடிக்கிறதே, ஸ்காட் படங்களில் எனக்குப் பிடித்த ஒரு நிமிடம் அது. கதை, நிறம், வேகம் மூன்றும் அங்கே ஒரே வேலையைச் செய்கின்றன. 2012-இல் ஸ்காட் இறந்துவிட்டதால் இதுவே கடைசிப் படமாகவும் ஆகிவிட்டது.

இந்த ஜோடிகளில் அடங்காத ஒன்று 'டெஜா வூ' (2006). கத்ரீனா புயலுக்குப் பிந்தைய நியூ ஆர்லியன்ஸ். கடந்த காலத்தைக் காட்டும் கருவியை மாட்டிக்கொண்ட டென்சல் ஒரு கண்ணில் நாலு நாளைக்கு முந்தைய இரவையும் இன்னொரு கண்ணில் இன்றைய பகலையும் பார்த்தபடி பாலத்தின் மேல் காரில் துரத்துகிறார். காலப்பயண லாஜிக்கை நோண்டினால் பல் இளிக்கும்; நோண்டாதீர்கள். 'பெல்ஹாம்', 'டேஸ் ஆஃப் தண்டர்' இரண்டையும் விட்டுவிட்டு அந்த நேரத்துக்கு இதைப் பாருங்கள். 'டொமினோ'வைத் தொடுவதாக இருந்தால் 'மேன் ஆன் ஃபயர்' பார்த்த பிறகு தொடுங்கள், அதுவும் முதல் அரை மணி நேரம் போதும்.