மஞ்சள் கடுதாசி வாங்கித் தருகிறோம் என்று 38,500 ரூபாயைச் சுருட்டிவிட்டார்கள்

நேற்று சாயங்காலம்தான் கோர்ட்டிலிருந்து வந்தேன். ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. ஐ.பி. (கடனைக் கட்ட முடியவில்லை என்று கோர்ட்டில் போடும் திவால் மனு, அதுதான் மஞ்சள் கடுதாசி) கொடுக்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு என்னென்ன நடக்கும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். முதலில் என் வயிற்றெரிச்சலைக் கொட்டிவிடுகிறேன்.

ஈரோட்டில் நைட்டி தைக்கும் சின்ன யூனிட் வைத்திருந்தேன். ஆர்டர் நின்றுபோனது. தனிநபர் கடன் இரண்டு, கிரெடிட் கார்டு இரண்டு, அதை அடைக்க ஆப்பில் வாங்கியது என்று 9 லட்சத்து 40 ஆயிரம் ஏறிவிட்டது. அப்போதுதான் போனில் ஒரு விளம்பர வீடியோ வந்தது. கோயம்புத்தூரில் ஒரு லோன் செட்டில்மெண்ட் ஆபீஸ். போனேன்.

அங்கிருந்தவர் கணக்குக் கேட்கவில்லை. "சாப்பிட்டீங்களாக்கா?" என்றுதான் கேட்டார். மாதக்கணக்கில் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. அங்கேயே அழுதுவிட்டேன். ஒரு மஞ்சள் தாளை எடுத்து மேசைமேல் வைத்தார். "இதுல உங்க பேரு ஏறிட்டா ஒருத்தனும் வாசப்படி மிதிக்க மாட்டான். இனிமே இ.எம்.ஐ. கட்டாதீங்க. ஹைகோர்ட்லயே போட்டுடலாம்." எங்கள் பக்கம் மஞ்சள் கடுதாசி கொடுத்தவன் என்றால் அது வசவு. எனக்கோ அன்றைக்கு அந்தத் தாள் மாரியம்மன் கோயில் மஞ்சள் மாதிரி தெரிந்தது. அங்கேயே 20,000 அனுப்பினேன். மறுவாரம் கம்மலை விற்று 18,500. மொத்தம் 38,500.

இன்னொன்றும் செய்யச் சொன்னார்கள். என் பெயரில் இருந்த நாலு சென்ட் இடத்தைத் தம்பி பெயருக்கு எழுதி வைக்கச் சொன்னார்கள். எழுதிவைத்தேன்.

அப்புறம் ஆரம்பித்தது சாக்குப்போக்கு. "வக்கீல் சார் ஹியரிங்ல இருக்கார்க்கா." "மனு ரிட்டர்ன் ஆயிடுச்சு, சரி பண்ணிப் போடறோம்." மே மாதம் "கோர்ட் லீவு". ஜூனில் "இன்னும் நம்பர் ஆகலை". வீட்டு வாசலில் வசூல்காரர்கள் நிற்கும்போது போன் செய்தால், "மீட்டிங்ல இருக்கேன், மெசேஜ் போடுங்க." சாப்பிட்டீர்களா என்று கேட்ட அதே ஆள்! கடைசியாக, பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றதற்கு, "அது கன்சல்டிங் ஃபீஸ், திரும்பாது" என்றார். 38,500 ரூபாய்க்கு என்ன கன்சல்டிங் செய்தீர்களய்யா?

நேற்று சப் கோர்ட்டில் ஒரு குமாஸ்தாவிடம் விசாரித்தேன். என் பெயரில் மனுவே இல்லை. பக்கத்தில் நின்ற வக்கீலம்மா ஹைகோர்ட் கதையைக் கேட்டுச் சிரித்துவிட்டார். அது சென்னை நகரத்துக்காரர்களுக்கு. மற்ற ஊர்க்காரர்கள் 1920ஆம் வருடச் சட்டப்படி அவரவர் ஊர்க் கோர்ட்டில்தான் போட வேண்டுமாம். இடத்தை எழுதிவைத்ததைச் சொன்னதும் சிரிப்பு நின்றுபோனது. திவால் மனு போடுவதற்கு முந்தைய இரண்டு வருடத்துக்குள் சும்மா எழுதிக் கொடுத்ததைக் கோர்ட் செல்லாதென்று சொல்லலாம். அதைவிட, ஏமாற்ற நினைத்தவள் என்ற பெயர் எனக்கு வரும்.

சரி, விவரமாக எழுதும் தெம்பு இப்போது இல்லை. அவசரத்துக்கு இவ்வளவுதான். மனு போட்ட அன்றைக்கே கடன் ஒழியாது. கோர்ட் உங்களைத் திவாலானவர் என்று அறிவிக்க வேண்டும், சொத்து ரிசீவர் (கோர்ட் நியமிக்கும் பொறுப்பாளர்) கைக்குப் போகும், பிறகு கோர்ட் சொல்லும் கெடுவுக்குள் கடனிலிருந்து விடுவிக்கச் சொல்லி நீங்களே கேட்க வேண்டும். அதுவரை, திவாலானதைச் சொல்லாமல் 50 ரூபாய் கடன் வாங்கினால்கூட ஜெயில் உண்டு (ஆமாம், ஐம்பதுதான், அந்தக் காலத்துச் சட்டம்). அடகு வைத்த நகையும் கடனுக்கு ஈடு வைத்த வீடும் இதில் தப்பாது. செக் பவுன்ஸ் கேஸும் நிற்காது. மனு போட்டாயிற்று என்று யாராவது சொன்னால் 16 இலக்க சி.என்.ஆர். நம்பரை (ஒவ்வொரு வழக்குக்கும் கோர்ட் தரும் அடையாள எண்) கேளுங்கள்; இ-கோர்ட்ஸ் ஆப்பில் நீங்களே பார்க்கலாம். வசூல்காரர்கள் காலை 8 மணிக்கு முன்னாலும் இரவு 7 மணிக்குப் பின்னாலும் கூப்பிடக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு.

பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் சட்ட உதவி மையத்தில் வக்கீல் இலவசம். 15100க்குக் கூப்பிட்டால் போதும். இது தெரியாமல் கம்மலை விற்றேன்.

போன் அடிக்கிறது, பேங்க் நம்பர்தான். மீதியை அப்புறம் எழுதுகிறேன்.